இரவில் ட்ரோன்: பார்ட் 107 அனுமதியும் ஸ்ட்ரோப் விளக்கும் (டாலஸ் பக்கம்)

இர்விங்வாசி கேட்டது:

வணக்கம் நண்பர்களே. நவம்பர் முதல் வாரத்தில் இர்விங்கில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தீபாவளி விழா, ஒரு பூங்காவில். மாலை ஆறரைக்கு விளக்கேற்றித் தொடங்கி ஒன்பது மணி வரை நடக்கும். சங்கத்தின் இணையதளத்தில் போட மேலிருந்து எடுத்த பத்து நிமிட வீடியோ வேண்டும் என்கிறார்கள். பணம் வாங்கவில்லை. கையில் டிஜேஐ மினி 4 ப்ரோ, ஏர் 3 இரண்டும் இருக்கின்றன. பார்ட் 107 (பொழுதுபோக்கு அல்லாத சிறிய ட்ரோன்களுக்கான அமெரிக்க விதி) தேர்வு 2019இல் எழுதியது, அதன் பிறகு ரெகரென்ட் (புதுப்பிப்புப் பயிற்சி) எதுவும் செய்யவில்லை.

தெரிய வேண்டியவை: இரவில் பறக்கவிட எஃப்ஏஏவிடம் (அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு) வேவர் (விதிவிலக்கு) வாங்க வேண்டுமா? ட்ரோனின் கைகளில் ஏற்கெனவே மின்னும் பச்சை, சிவப்பு விளக்குகள் போதுமா, தனியாக ஸ்ட்ரோப் (விட்டுவிட்டு மின்னும் விளக்கு) வாங்க வேண்டுமா? கடையில் விற்பவை எல்லாவற்றிலும் "3 மைல் தெரியும்" என்று எழுதியிருக்கிறது, அதை நம்பலாமா? "மினி 250 கிராமுக்குக் கீழேதானே, அதற்கு எந்தச் சட்டமும் இல்லை" என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். அது சரியா?

சட்டப்புள்ளி:

முதலில் வேவர். அது 2021க்கு முந்தைய கதை. 2016 ஆகஸ்டில் பார்ட் 107 வந்தபோது இரவில் பறக்கவே தடை. வேண்டுமென்றால் 107.29 பிரிவுக்கு விலக்கு எழுதி வாங்க வேண்டும். 2021 ஏப்ரல் 21 முதல் அது தேவையில்லை. பழைய வேவர்களும் அந்த ஆண்டு மே 17உடன் செல்லாமல் போய்விட்டன. இன்றைக்கு இரண்டே நிபந்தனைகள்தான். ஒன்று, 2021 ஏப்ரல் 6க்குப் பிறகு புதிய பாடத்திட்டத்தில் தேர்வோ ரெகரென்ட் பயிற்சியோ முடித்திருக்க வேண்டும். இரண்டு, 3 மைல் தூரத்துக்குத் தெரியும், மோதலைத் தவிர்க்கப் போதுமான வேகத்தில் மின்னும் விளக்கு ட்ரோனில் எரிந்துகொண்டிருக்க வேண்டும்.

உங்களுக்கு இப்போது முதல் நிபந்தனையே இடிக்கிறது. சான்றிதழ் அட்டைக்குக் காலாவதி கிடையாது. ஆனால் 24 மாதத்துக்கு ஒரு முறை பயிற்சியைப் புதுப்பித்தால்தான் அதை வைத்துப் பறக்கவிடலாம். 2019இல் எழுதிவிட்டு விட்டிருக்கிறீர்கள் என்றால் இரவில் மட்டுமல்ல, பட்டப்பகலிலும் பார்ட் 107இல் இப்போது பறக்கவிடக் கூடாது. பயப்பட ஒன்றுமில்லை, மறுபடி 175 டாலர் கட்டித் தேர்வெழுத வேண்டாம். எஃப்ஏஏ சேஃப்டி தளத்தில் ஏஎல்சி-677 என்ற பாடம் இலவசம். ஒரு சனிக்கிழமை காலையில் முடித்துவிடலாம். கடைசியில் வரும் சான்றிதழை பிடிஎஃப் ஆகப் போனில் வையுங்கள். சோதனைக்கு வந்து கேட்டால் அட்டையோடு அதையும் காட்ட வேண்டும். (விமானி உரிமம் வைத்திருப்பவர்களுக்கு வேறு பாடம், ஏஎல்சி-515.)

"பணம் வாங்கவில்லை" என்பதை வைத்துப் பொழுதுபோக்கு விதியில் நுழைய முடியாது. சங்கத்தின் தளத்துக்காக எடுக்கும் வீடியோ ஒரு அமைப்பின் வேலை, உங்கள் பொழுதுபோக்கு அல்ல. ஆக, பார்ட் 107தான். 107இல் எடைச் சலுகை கிடையாது. மினியாக இருந்தாலும் பதிவு வேண்டும் (ஒரு ட்ரோனுக்கு 5 டாலர், 3 ஆண்டு), ரிமோட் ஐடியும் (பறக்கும்போது ட்ரோன் தன் அடையாளத்தை ஒலிபரப்பும் வசதி) வேண்டும். மீறினால் எஃப்ஏஏ ஒரு மீறலுக்கு 75,000 டாலர் வரை அபராதம் போடலாம். 2024 சட்டத்தில் உயர்த்திய தொகை இது.

"இரவு" எங்கே தொடங்குகிறது என்பதும் முக்கியம். சூரியன் மறைந்து 30 நிமிடம் வரை சிவில் ட்விலைட், அதாவது அந்தி. நவம்பர் தொடக்கத்தில், கோடை நேரம் முடிந்த பிறகு, டாலஸில் ஐந்தரை சொச்சத்துக்கே சூரியன் மறைந்துவிடும். ஆறு மணிக்கெல்லாம் சட்டப்படி இரவு, உங்கள் ஆறரை நிகழ்ச்சி முழுக்க அதற்குள் வருகிறது. ட்விலைட்டில் பறந்தாலும் அதே 3 மைல் விளக்கு கட்டாயம். நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது வான்வெளி. இர்விங் டிஎஃப்டபிள்யூ (டாலஸ்-ஃபோர்ட் வொர்த்) விமான நிலையத்தின் வாசலில் இருக்கிறது. பூங்கா கிளாஸ் பி (பெரிய விமான நிலையத்தைச் சுற்றிய கட்டுப்பாட்டு வான்வெளி) தரைமட்டப் பகுதிக்குள் வந்தால், எஃப்ஏஏ அங்கீகரித்த லான்ஸ் (வான்வெளி அனுமதி கேட்கும் இணைய முறை) ஆப் ஒன்றில் அந்தக் கட்டத்துக்கு (எஃப்ஏஏ வரைபடத்தில் உயர எல்லை எழுதிய சதுரம்) அனுமதி கேளுங்கள். கட்டத்தில் எழுதியிருக்கும் உயரத்துக்குள் கேட்டால் பெரும்பாலும் நிமிடத்தில் வந்துவிடும். 90 நாள் முன்பே கேட்டு வைக்கலாம். கட்டத்தில் 0 என்று இருந்தால் ஆப் உதவாது, ட்ரோன்ஸோன் தளத்தில் தனியாக எழுத வேண்டும். அதற்குப் பல வாரம் ஆகும். எனவே இன்றே வரைபடத்தைத் திறந்து பாருங்கள். 0 கட்டமாக இருந்தால் மற்ற செலவெல்லாம் செய்யும் முன்பே தெரிந்துவிடும்.

விழா ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆர்லிங்டன் மைதானத்தில் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து) ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 30,000 பேருக்கு மேல் கொள்ளும் மைதானத்தில் பெரிய லீக் ஆட்டம் நடந்தால் ஒரு மணி நேரம் முன்பிருந்து ஒரு மணி நேரம் பின் வரை 3 கடல் மைல் ஆரத்துக்குள் பறக்கத் தடை. பூங்காவில் தரையிலிருந்து கிளப்ப நகராட்சியின் பூங்காத் துறை அனுமதி தனி. எஃப்ஏஏ அனுமதி வானத்துக்குத்தான், புல்தரைக்கு அல்ல.

மின்னல்வெட்டு:

விளக்கு பற்றி நான் சொல்கிறேன். கைகளில் இருக்கும் பச்சை, சிவப்பு விளக்குகள் ட்ரோன் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று உங்களுக்குக் காட்டத்தான். அவை 3 மைல் தெரியாது. ஏர் 3இன் அடியில் இருக்கும் வெள்ளை விளக்கு தரையிறங்கும்போது தரையைக் காட்ட. அதுவும் கணக்கில் வராது. தனி ஸ்ட்ரோப் வேண்டும்.

எஃப்ஏஏ எந்த ட்ரோன் ஸ்ட்ரோபுக்கும் முத்திரை குத்துவதில்லை. "எஃப்ஏஏ சான்று பெற்றது" என்று பெட்டியில் எழுதியிருந்தால் அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். 3 மைல் தெரிகிறதா என்று உறுதி செய்யும் பொறுப்பு முழுக்க ரிமோட் பைலட்டுடையது. நிறத்தையும் விதி சொல்லவில்லை. மனிதர் ஓட்டும் விமானங்களில் மோதல் தவிர்ப்பு விளக்கு வெள்ளை அல்லது சிவப்பு, நிமிடத்துக்கு 40 முதல் 100 மின்னல். ஹெலிகாப்டர் ஓட்டுபவர் கண் அதற்குத்தான் பழகியிருக்கிறது. அதே நிறம், அதே வேகத்தில் வையுங்கள். வெள்ளைதான் என் தேர்வு. ஒரே வெளிச்ச அளவில் சிவப்பு வில்லையை மாட்டினால் பாதிக்கு மேல் ஒளி வில்லையிலேயே நின்றுவிடும்.

இப்போது லூமென் கணக்கு. பெட்டியில் லூமென் (மொத்த ஒளி) போட்டிருப்பார்கள், தூரத்தில் தெரிவதைத் தீர்மானிப்பது கேண்டெலா (ஒரு திசையில் போகும் ஒளியின் செறிவு). கப்பல்களுக்கான சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளில் 3 கடல் மைல் தெரிய 12 கேண்டெலா குறைந்தபட்சம் என்று இருக்கிறது. அதே சூத்திரத்தில் நம் 3 சாதாரண மைலுக்கு, அதாவது 4.8 கிலோமீட்டருக்கு, சுமார் 8 கேண்டெலா வரும். அது விடாமல் எரியும் விளக்குக்கு. மின்னும் விளக்கைக் கண் அவ்வளவு பிரகாசமாக உணராது. விமான விளக்கு விதியிலேயே இதற்கு ஒரு கணக்கு உண்டு: மின்னல் நீளும் நேரத்தை, அதோடு 0.2 நொடி கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 0.05 நொடி மின்னல் என்றால் 0.05 வகுத்தல் 0.25, ஐந்தில் ஒரு பங்கு. ஆக 8 கேண்டெலா உணர வேண்டுமென்றால் மின்னும் கணத்தில் 40 கேண்டெலாவுக்கு மேல் வேண்டும். அதை ஓர் அரைக்கோளம் முழுக்கப் பரப்பினால் 260 லூமென் அளவு. 100 லூமென் என்று போட்டு மிகச் சிறிய நேரம் மட்டும் மின்னும் விளக்குகள் கும்மிருட்டுப் பாலைவனத்தில் தெரியலாம், டாலஸ் நகர வெளிச்சத்தின் மேல் கரைந்துவிடும்.

இன்னொன்று, இதுதான் பலருக்குத் தெரியாமல் போவது. எல்இடி சில்லின் ஒளி எல்லாப் பக்கமும் ஒன்றுபோலப் போகாது. நேர் எதிரே முழு ஒளி, 60 டிகிரி சாய்வில் பாதி, விளிம்பில் கிட்டத்தட்ட பூஜ்யம். ஸ்ட்ரோபை ட்ரோன் முதுகில் தட்டையாக ஒட்டினால் ஒளி முழுக்க வானத்தைப் பார்த்துப் போகும். உங்களை நோக்கி வரும் ஹெலிகாப்டர் அநேகமாக உங்கள் மட்டத்தில்தான் வரும், அதற்குக் கிடைப்பது விளிம்பு ஒளி. அதனால் குமிழ் வில்லை உள்ளது, அல்லது மூன்று நான்கு எல்இடிகள் பக்கவாட்டில் பார்ப்பது போல அமைந்த மாடல் வாங்குங்கள். தட்டையானதுதான் கிடைத்தது என்றால் இரண்டு வாங்கி, பின் பக்கத்தில் இடமும் வலமும் சாய்த்து வையுங்கள்.

சோதனை எளிது. கூகுள் மேப்பில் 4.8 கிலோமீட்டர் மறைவில்லாத நேர்பார்வை இருக்கும் இரண்டு இடங்களை அளந்து எடுங்கள். ஏரிக்கரை இதற்கு மிக நல்லது. ஒருவர் ஸ்ட்ரோபை முக்காலியில் வைத்து, ட்ரோனில் எந்த நிலையில் இருக்குமோ அதே நிலையில் பிடிக்கட்டும். மற்றவர் அக்கரையில் நின்று போனில் சொல்லட்டும். நாலு பக்கமும் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். தேதி, இடம், விளக்கின் மாடல், தெரிந்ததா இல்லையா என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். யாராவது கேட்டால் பெட்டியில் போட்ட வாசகத்தைவிட அந்தத் தாள் பேசும்.

இறக்கைவால்:

மினி பற்றி ஒருவரும் முழுதாகச் சொல்லவில்லை. கூட்டத்தின் தலைக்கு மேல் மினியைக் கொண்டுபோகலாம் என்று உங்கள் குழுவில் யாராவது நினைத்தால், அது கேட்டகிரி 1 (ஆட்கள் மேல் பறக்கவிடக்கூடிய மிக இலேசான ட்ரோன் வகை) விதியை வைத்து. அதற்கு எடை 0.55 பவுண்டுக்குள் இருக்க வேண்டும், அதாவது 249.5 கிராம், மேலே ஒட்டிய பொருளெல்லாம் சேர்த்து. மினி 4 ப்ரோ சாதாரண பேட்டரியோடு ஏற்கெனவே 249ஐத் தொட்டு நிற்கிறது. 10 கிராம் ஸ்ட்ரோப் ஒட்டியதும் வெளியே போய்விட்டது. அதற்கும் மேல், தோலைக் கிழிக்கும் வெளிப்படையான சுழல் பாகம் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. வெறும் புரொப்பெல்லரோடு அது தேறாது, காப்பு மாட்டினால் எடை தேறாது. இரவில் ஸ்ட்ரோப் கட்டாயம், ஸ்ட்ரோப் வைத்தால் கேட்டகிரி 1 இல்லை. வழி அடைத்துவிட்டது.

ஆகவே யார் தலைக்கு மேலும் பறக்காமல் எடுக்கத் திட்டமிடுங்கள். ஏர் 3 எடுங்கள், 720 கிராம், காற்றில் நிற்கும். கூட்டத்துக்கு வெளியே ஆளில்லாத பக்கம் 30 மீட்டர் உயரத்தில் நிறுத்தி, கேமராவைச் சாய்த்து எடுத்தால் விளக்கு வரிசை அழகாகவே வரும். நேர் கீழே பார்க்கும் காட்சியில் தலைகள்தான் தெரியும். எவ்வளவு தள்ளி நிற்பது? 30 மீட்டரிலிருந்து விழ இரண்டரை நொடி ஆகும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகும்போது மோட்டார் நின்றால் 25 மீட்டர் முன்னால் போய் விழும். கூட்டத்திலிருந்து குறைந்தது உயரத்தின் அளவு தள்ளியிருங்கள், கூட்டத்தை நோக்கி வேகமாக வரும் ஷாட் வேண்டாம், பக்கவாட்டில் நகரும் ஷாட் எடுங்கள்.

இர்விங்வாசி:

மிக்க நன்றி. ஏஎல்சி-677 இன்றே தொடங்குகிறேன். கட்டத்தைப் பார்த்தேன், 0 இல்லை, 100 அடி என்று இருக்கிறது. ஏர் 3 என்றே முடிவு. ஸ்ட்ரோபை எங்கே ஒட்டுவது? மேலே வைத்தால் ஜிபிஎஸ்ஸை மறைக்குமா? வீடியோவில் மின்னல் மின்னலாக விழாதா? மின்னுவது படத்தில் விழுந்தால் ஷாட் எடுக்கும் நேரம் மட்டும் அணைக்கலாமா?

மின்னல்வெட்டு:

அணைக்கக் கூடாது. பாதுகாப்புக்குத் தேவை என்று நீங்கள் முடிவு செய்தால் வெளிச்சத்தைக் குறைக்கலாம், அதுவும் உங்கள் கண் கூசுவது போன்ற காரணத்துக்கு. முழுக்க அணைக்க வேண்டுமென்றால்தான் வேவர். அந்த வேவர் எழுதுவது இப்போது பெரும்பாலும் போலீஸும் ட்ரோன் ஒளிக்காட்சி நடத்துபவர்களும். 100 அடி என்றால் 30.5 மீட்டர். மேலே சொன்ன 30ஐ 27, 28 ஆக வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கோட்டில் உரசிக்கொண்டு நிற்க வேண்டாம்.

இடம்: முதுகின் பின்பாதி, பேட்டரியின் மேல், பேட்டரியைக் கழற்றும் பொத்தான்களும் காற்றோட்டத் துளைகளும் மறையாத இடம். மேல் ஓடு ஜிபிஎஸ் இருக்கும் இடம்தான், உலோகப் பட்டையோ காந்தமோ ஒட்ட வேண்டாம், சின்ன பிளாஸ்டிக் விளக்கு பிரச்சினை செய்யாது. ஒட்டிய பிறகு தரையில் வைத்து செயற்கைக்கோள் எண்ணிக்கையை விளக்கு இருக்கும்போதும் எடுத்த பிறகும் ஒப்பிடுங்கள். காட்சிச் சென்சார்களின் கண்ணாடி எதன் முன்னாலும் ஒளி படக் கூடாது. ஏர் 3க்குச் சுற்றிலும் சென்சார், ஒவ்வொன்றாகப் பார்த்துத் தவிருங்கள். புரொப்பெல்லரைக் கையால் சுற்றி, முனை விளக்கைத் தொடாமல் போகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

ஒட்டுவதற்கு ட்யூயல் லாக் வகைப் பட்டை, சாதா வெல்க்ரோவைவிட உறுதி. ட்ரோனின் மேல் ஓட்டின் பரப்பை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, ஒட்டி அரை நிமிடம் அழுத்தி, ஒரு நாள் விட்டுவிட்டுப் பறக்கவிடுங்கள். அன்று மாலை ஒட்டி அன்று இரவே பறந்தால் பசை பிடித்திருக்காது. பாதுகாப்புக்கு ஒரு மெல்லிய நைலான் நூலால் விளக்கை ட்ரோனின் கையோடு கட்டுங்கள், நீளம் புரொப்பெல்லரை எட்டாதபடி.

படத்தில் விழுவதற்கு முக்கியக் காரணம் விளக்கு நேராக லென்ஸில் படுவதல்ல, புரொப்பெல்லரின் அடியிலும் புகையிலும் பட்டுத் திரும்புவது. பின்பாதியில் வைத்து, முன் பக்கம் மட்டும் ஒரு விரல் அகல கறுப்பு டேப் கொண்டு சின்னத் தடுப்பு போடலாம், ஆனால் அந்தத் திசையில் வேறு விளக்கு தெரிய வேண்டும். இரண்டாவது ஸ்ட்ரோப் இங்கேதான் கைகொடுக்கும். முன்கை விளக்குகளைப் படம் எடுக்கும்போது தானாக அணைக்கும் அமைப்பு டிஜேஐ ஃப்ளையில் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். பட்டாசு வெடிக்கப் போகிறார்களா? புகை மூட்டத்தில் எந்தத் தடுப்பும் உதவாது, வெடிப்பதற்கு முன்பே படத்தை முடித்துவிடுங்கள்.

பறக்கும் முன் ஸ்ட்ரோபின் பொத்தானைக் கவனியுங்கள். பல மாடல்களில் ஒரு அழுத்தல் நிலையாக எரியும், அடுத்தது மின்னும். நிலையாக எரியவிட்டுக் கிளம்பினால் விதி கேட்கும் மின்னல் இல்லை.

சட்டப்புள்ளி:

கண் பற்றியும் ஆபத்து பற்றியும் இரண்டு வார்த்தை, ஏஎல்சி-677இல் வரும், ஆனால் களத்தில் உதவும் விதத்தில் சொல்கிறேன். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 30 நிமிடம் ஆகும். ஒரு கார் ஹெட்லைட்டைப் பார்த்தால் கலைந்துவிடும். கண்ட்ரோலர் திரையின் வெளிச்சத்தை முடிந்தவரை குறையுங்கள், நீங்கள் தலையில் மாட்டும் விளக்கு சிவப்பாக இருக்கட்டும். இருண்ட வானத்தில் ஒரே ஒளிப்புள்ளியை முறைத்துப் பார்த்தால் நின்றிருப்பது நகர்வது போலத் தோன்றும். ஸ்ட்ரோபை மட்டும் பார்க்காமல் கண்ணை அதைச் சுற்றி நகர்த்திக்கொண்டே இருங்கள். வானத்தைக் கவனிக்க ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள், படம் எடுக்கும் நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டே வானத்தையும் பார்க்க முடியாது. அவர் வேலை ட்ரோனை ரசிப்பதல்ல, ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் சொல்வது. கேட்டதும் இறக்கிவிடுங்கள், பிறகு யோசிக்கலாம்.

ஏர் 3இன் தடை தவிர்ப்பை இரவில் நம்ப வேண்டாம். அதன் கண்கள் வெளிச்சத்தை வைத்துத்தான் பார்க்கும், மெல்லிய கம்பியைப் பகலிலேயே பார்க்காது. விழாவுக்கு முந்தைய நாள் பகலில் போய், பூங்காவின் மின்கம்பி, கொடிக்கம்பம், கோபுரங்களின் இழுவைக் கம்பி எல்லாவற்றையும் வரைந்து வையுங்கள். மிக உயர்ந்த தடையை விட 10 மீட்டர் அதிகமாக, ட்ரோன் தானாகக் கிளம்பிய இடத்துக்குத் திரும்பும் உயரத்தை வையுங்கள், ஆனால் 100 அடி அனுமதிக்குள். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் கிளம்பும் இடத்தை மாற்றுங்கள். அனுமதியை மீற வேண்டாம். தரையிறங்கும் விரிப்பைச் சுற்றி நாலு சின்ன விளக்குகள் வைத்தால் கீழ்க்கேமரா இடத்தை அடையாளம் காணும், இல்லையென்றால் இருட்டுப் புல்லின் மேல் ஆடி நகரும்.

இறக்கைவால்:

பனியையும் கவனியுங்கள். நவம்பர் இரவில் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) இடையே உள்ள வித்தியாசம் 3 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வந்தால் மூடுபனி பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். அப்போது 3 மைல் பார்வைத்திறன் விதியே கேள்விக்குறியாகிவிடும். டிஎஃப்டபிள்யூ மெட்டாரை (விமான நிலைய வானிலை அறிக்கை) அரை மணிக்கு ஒரு முறை பாருங்கள். அதற்கு முன்பே லென்ஸில் ஈரம் படியும். காரின் ஏசியிலிருந்து நேராக எடுத்துக் கிளப்பாமல், பத்து நிமிடம் வெளியே வைத்து, மைக்ரோஃபைபர் துணியால் லென்ஸையும் ஸ்ட்ரோபின் குமிழையும் துடைத்துவிட்டுப் பறக்கவிடுங்கள்.